முன்னுரை சார் வேண்டாம் என்று சொன்ன புத்தகம்

அவர் கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் தெருவில் யாரும் அவரை விலங்கியல் சார் என்று சொன்னதில்லை. தபால்காரருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் மாடிவீட்டுக் குழந்தைகளுக்கும் அவர் முன்னுரை சார். புதிதாகக் குடிவந்த ஒருவர் அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்து, மகள் கல்யாணப் பத்திரிகையின் உறைமேல் ‘திரு. முன்னுரை அவர்கள்’ என்று எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். சார் திருத்தவில்லை. அவருடைய மனைவிதான் அந்த உறையை வெகுநாள் கண்ணாடி அலமாரியில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்திருந்தார்.

இந்தத் தொழிலுக்கு அவர் வந்ததே ஒரு விபத்து மாதிரிதான். வேலையில் இருந்த காலத்தில் ஒருநாள் அச்சகத்துக்குப் போயிருந்தார். மாணவர்களுக்கான செய்முறைக் கையேட்டில் கல்லீரலும் மண்ணீரலும் இடம் மாறி அச்சாகியிருந்தன. அதைத் திருத்தப் போன இடத்தில் அச்சகக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஒரு கவிதைப் புத்தகம் மெஷினில் ஏறக் காத்திருக்கிறது. முன்னுரை தருவதாகச் சொன்ன பேராசிரியர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். புத்தகம் என்பது பதினாறு பக்கம் பதினாறு பக்கமாக, பாரம் பாரமாகத்தான் அச்சாகும். கடைசிக் கணக்கில் இரண்டு பக்கம் வெறுமனே நிற்கிறது.

“சார், நீங்களும் காலேஜ் சார்தானே. ரெண்டு பக்கம் எதையாவது எழுதிக் குடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்றார் அச்சகக்காரர்.

“எனக்குக் கவிதை பத்தி ஒண்ணும் தெரியாதே.”

“கவிஞருக்கு மட்டும் தெரியுமா என்ன. எழுதுங்க சார்.”

காகிதக் கட்டு ஒன்றின்மேல் உட்கார்ந்து நாலைந்து கவிதைகளைப் படித்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரு பறவை பறந்துகொண்டிருந்தது. எந்தப் பறவை என்று ஓரிடத்திலும் இல்லை. ஒரு விலங்கியல்காரருக்கு இது உறுத்தாமல் இருக்குமா. தன் மனத்தாங்கலைக் கொஞ்சம் நயமாக எழுதினார்: ‘இக்கவிதைகளில் பறவைகள் வருகின்றன. அவை இன்ன பறவை என்று கவிஞர் சொல்வதில்லை. ஆகவே அவை எந்த வானத்திலும் பறக்கக் கூடியவை.’ புத்தகம் வந்தது. கவிஞர் வீடு தேடி வந்து, தன்னை முதன்முதலாகப் புரிந்துகொண்டவர் நீங்கள்தான் என்று கண் கலங்கினார். அதற்கப்புறம் வாசல் மணி ஓயவில்லை.

கவிதைக்காரர்கள் வந்தார்கள். பயணக் கட்டுரைக்காரர்கள் வந்தார்கள். சர்க்கரை நோயைச் சமாளிப்பது எப்படி என்று ஒருவர், வீட்டில் பூனை வளர்ப்பது எப்படி என்று ஒருவர். எல்லோரிடமும் ஒரு கட்டுக் காகிதமும் ஒரு பை ஆப்பிளும் இருக்கும். சார் யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதல் பத்துப் பக்கம் படிப்பார். கடைசி ஐந்து பக்கம் படிப்பார். நடுவில் விரல் போன இடத்தில் இரண்டு பக்கம். அதற்குமேல் படித்தால் எழுத வராது என்பது அவர் அனுபவம்.

எத்தனை பக்கம் எழுதுவது என்பதற்கும் கணக்கு வைத்திருந்தார். தெரியாத ஆளுக்கு ஒன்றரைப் பக்கம். தெரிந்தவர் சொல்லி வந்தவருக்கு மூன்று. பதவியில் இருப்பவருக்கும், ஒருகாலத்தில் இருந்தவருக்கும் ஆறு. புத்தகம் தடியா ஒல்லியா, நல்லதா சுமாரா என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குள் வராது. ஊரும் இதை அறிந்திருந்தது. ‘அவருக்கு ஆறு பக்கம் எழுதினீங்களாமே, எனக்கு ஒண்ணரைதானா’ என்று நாற்பது பக்கக் கவிதைப் புத்தகம் போட்ட ஒருவர் மூன்று மாதம் பேசாமல் இருந்தார். மருந்துக்கடையில் எதிரெதிரே பார்த்தால் அவர் இருமல் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

சாரின் மனைவி தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்துக் கொடுத்தோ என்னவோ, தன் பேச்சை அளந்துதான் விடுவார். “ஊர்ல இருக்கிற அத்தனை வீட்டு வாசல்லயும் போய் நிக்கிறீங்க. ஒரு வீட்டுக்குள்ளயாவது போறீங்களா?” என்று ஒருதடவை கேட்டார். சார் அதை ஒரு முன்னுரையில் பயன்படுத்திக்கொண்டார். யார் சொன்னது என்று போடவில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும். வலது முழங்கால் தேய்ந்து அறுவை சிகிச்சை வரைக்கும் வந்ததில்தான் மாறியது.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்ததும், காலை மடக்கி நீட்டிப் பழக்க ஒரு பெண் தினமும் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஸ்கூட்டரில் ஒரு பை தொங்கும். பைக்குள் ரப்பர் பட்டை, பந்து, சுருட்டிய துண்டு. வந்ததும் கை கழுவுவாள். மணிக்கட்டு வரை அல்ல, முழங்கை வரை. அதைப் பார்த்தே சாரின் மனைவிக்கு அவளைப் பிடித்துவிட்டது.

“டாக்டரம்மா, இன்னிக்கு வேண்டாமே. ராத்திரி பூரா குடைச்சல்” என்பார் சார்.

“நான் டாக்டர் இல்ல சார். பிசியோ. குடைச்சல் இருந்தாத்தான் மடக்கணும். ம், மூச்ச விடுங்க. இன்னும் கொஞ்சம். வலிக்கும். வலிக்கட்டும்.”

கையில் இரக்கமே கிடையாது. ஆனால் அவள் போனபிறகு கால் லேசாக இருக்கும். சார் வலியை மறக்க எதையாவது பேசிக்கொண்டே இருப்பார். அவளும் கேட்டுக்கொண்டே வேலையைப் பார்ப்பாள். ஆப்பிள் பையோடு யாராவது வந்து கூடத்தில் காத்திருந்தால், “பத்து நிமிஷம் உக்காருங்க, சார் முட்டி என்கிட்ட இருக்கு” என்று அவளே பதில் சொல்லுவாள்.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, துண்டைச் சுருட்டிப் பைக்குள் வைத்தவள் போகாமல் நின்றாள்.

“சார், ஒண்ணு கேட்டா சிரிக்க மாட்டீங்களே.”

“இந்தக் கால வெச்சுக்கிட்டு எங்க சிரிக்கிறது. சொல்லும்மா.”

“நானும் ஒரு கதை எழுதியிருக்கேன். கதைன்னா பெருசு. நாவல். ஒரு நோயாளி வீட்டுக்கும் அடுத்த நோயாளி வீட்டுக்கும் நடுவுல கெடைக்கிற நேரத்துல எழுதினது. ரெண்டு வருஷம் ஆச்சு. அச்சகத்துல குடுத்திருக்கேன். நீங்க முன்னாடி ரெண்டு பக்கம்…”

“கொண்டுவந்திருக்கியா?”

பையின் அடியிலிருந்து எடுத்தாள். சுருள்கம்பி போட்டுக் கட்டியது. மேலட்டையில் ரப்பர் பட்டையின் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. அது பல நாளாகப் பைக்குள்ளேயே வந்து போய்க்கொண்டிருந்தது என்பது பார்த்தாலே தெரிந்தது.

சார் அன்று மத்தியானம் வழக்கப்படி முதல் பத்துப் பக்கம் படிக்கலாம் என்று எடுத்தார். ‘மாமனாரை எடுத்துக்கொண்டு போன அன்று சாயந்திரமே, ஃபிரிட்ஜ் யாருடையது என்ற பேச்சு வந்தது’ என்று ஆரம்பித்தது. ஒரே சமையலறையில் இரண்டு மருமகள்கள். மேல்தட்டு மூத்தவளுக்கு, கீழ்த்தட்டு இளையவளுக்கு. ஐஸ் வைக்கிற பெட்டி யாருக்கு என்பது மட்டும் தீராத வழக்கு. இருவரும் பேசிக்கொள்வதில்லை. பேச வேண்டியதையெல்லாம் ஃபிரிட்ஜ் கதவைச் சாத்துகிற சத்தத்திலேயே பேசிக்கொள்கிறார்கள்.

பத்தாம் பக்கத்தில் நிறுத்த வேண்டும் என்பது சாருக்கு நினைவே வரவில்லை. காபி ஆறிப் போனது. விளக்குப் போட்டு மறுபடி படித்தார். மறுநாள் மத்தியானம் கடைசிப் பக்கத்தை மூடியபோது, ஒரு புத்தகத்தை அவர் வரிசையாக, ஒரு பக்கம் விடாமல் படித்து முடித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை.

பேனாவை எடுத்தார். ‘கூட்டுக் குடும்பம் என்பது’ என்று ஆரம்பித்தார். அடித்தார். ‘நோயாளிகளின் வலியை அறிந்த கைகள்’ என்று ஆரம்பித்தார். அந்தக் கைகள் தன் முழங்காலை என்ன பாடு படுத்துகின்றன என்று நினைத்து அதையும் அடித்தார். கதையைப் பற்றி ஏதாவது சொன்னால், அவள் நூறு பக்கம் பொறுத்து வைத்திருந்து சொன்னதை இவர் முதல் பக்கத்திலேயே போட்டு உடைத்த மாதிரி ஆகிறது. கதையைச் சொல்லாமல் எழுதினாலோ, நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர எழுத ஒன்றும் இல்லை. அதை எல்லாப் புத்தகத்துக்கும் எழுதியாகிவிட்டது. பூனைப் புத்தகத்துக்கும் எழுதியாகிவிட்டது.

கடைசியில் அந்த முதல் வரியை மறுபடி படித்தார். அட்டையைத் திறந்ததும் ஆள் அந்த வீட்டுக்குள் நிற்கிறான். அவனைப் பிடித்து நிறுத்தி, உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா என்று கேட்க நான் யார் என்று தோன்றியது. இதற்கு முன்னுரை வேண்டாம். ஒன்றரைப் பக்கம் கூட வேண்டாம். இப்படி ஒரு முடிவுக்கு அவர் வந்தது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தியோடு அன்று நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் அவள் வந்து கை கழுவி, காலை மடக்க ஆரம்பித்ததும் சொன்னார்.

“படிச்சேம்மா. இதுக்கு முன்னுரை வேண்டாம்.”

அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு மடக்கினாள்.

“சரி சார்.”

“ஒரு வரி கூட வேண்டாம். அப்படியே போடு.”

“சரி சார். மூச்ச விடுங்க.”

அன்றைக்கு அவள் வேறு எதுவும் பேசவில்லை. பயிற்சி முடிந்ததும் கையெழுத்துப் பிரதியை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, சாரின் மனைவியிடம் சொல்லிக்கொண்டு போனாள். சாருக்கு அது சந்தோஷத்தில் வந்த அடக்கமாகப் பட்டது.

அடுத்த நாள் வேறு ஒரு ஆள் வந்தார். பெரிய மீசை. அவசரமாக வேறு நோயாளிகள் வந்துவிட்டதால் மேடம் இனிமேல் தன்னை அனுப்புவார் என்றார். மணிக்கட்டு வரைதான் கை கழுவினார்.

சாரின் மனைவி அவர் போகும்வரை பொறுத்திருந்தார்.

“அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னீங்க?”

“என்ன சொன்னேன். உன் நாவலுக்கு முன்னுரை வேண்டாம்னு சொன்னேன்.”

“நல்லா இருக்குன்னு சொன்னீங்களா?”

“அதைத்தானே சொன்னேன்.”

“எங்க சொன்னீங்க? வேண்டாம்னு மட்டுந்தானே சொன்னீங்க.”

சொல்லவில்லைதான். அவ்வளவு பெரிய பாராட்டு அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது என்று இவர் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தார். சைகை காட்டிவிட்டு ஒலிபெருக்கியில் அறிவித்ததாக நினைத்துக்கொண்ட கதை.

உடனே தொலைபேசியில் கூப்பிட்டார். எடுக்கவில்லை. சாயந்திரம் எடுத்தாள்.

“பரவால்ல சார். நான் ஏதோ நேரம் கெடைச்சப்ப எழுதினது.”

“அதில்லம்மா. ரொம்ப நல்லா இருக்கு. அதனாலதான் வேண்டாம்னேன்.”

மறுமுனையில் ஸ்கூட்டரை அணைக்கிற சத்தம் கேட்டது.

“சார், நீங்க கேட்டவங்க எல்லாருக்கும் எழுதியிருக்கீங்க. பூனை வளக்கிற புத்தகத்துக்குக் கூட மூணு பக்கம் எழுதியிருக்கீங்க, நான் படிச்சேன். எனக்கு மட்டும் வேண்டாம்னா அதுக்கு என்ன அர்த்தம்னு நீங்களே சொல்லுங்க.”

முப்பது வருஷமாக ஊருக்கு ஒரு கணக்கைப் பழக்கிவிட்டு, இப்போது பூஜ்யம்தான் எல்லாவற்றிலும் பெரிய எண் என்றால் யார் நம்புவார்கள்.

இரண்டு நாள் கழித்து அச்சகக்காரர் நேரில் வந்தார். அந்தக் காலத்து அச்சகக்காரரின் மகன் இவர். அப்பாவைப் போலவே தலையில் கை வைத்துக்கொள்வார்.

“சார், இதை இப்படி விட்டுடாதீங்க. நாலு பக்கம் வேற காலியா நிக்குது. அதை விடுங்க, விளம்பரம் போட்டு ரொப்பிடலாம். நீங்க மறுத்துட்டீங்கன்னு அதுக்குள்ள நாலு பேருக்குத் தெரிஞ்சுபோச்சு. முன்னுரை சாரே வேண்டாம்னு சொன்ன புத்தகமான்னு புத்தகக் கடைக்காரர் கேக்கறார்.”

“பின்னட்டைல ஒரு வரி போடுங்க. முன்னுரை தேவைப்படாத நாவல்னு. என் பேரையும் போடுங்க.”

“அந்தம்மாகிட்ட கேட்டுட்டேன். அது குத்திக் காட்டற மாதிரி இருக்காம். வேண்டாங்கறாங்க.” அச்சகக்காரர் கொஞ்சம் யோசித்தார். “ஒண்ணு பண்ணுங்களேன். ஏன் முன்னுரை வேண்டாங்கறதையே நாலு பக்கம் எழுதிக் குடுத்துடுங்க.”

சிரிப்பு வந்தாலும் சார் அதைச் செய்தும் பார்த்தார். எழுத எழுத நன்றாக வந்தது. புத்தகங்களின் வாசல்களைப் பற்றி, வாசகனின் பொறுமையைப் பற்றி, தான் முதன்முதல் எழுதிய இரண்டு பக்கத்தைப் பற்றி. ஒன்பது பக்கம் ஆகிவிட்டது. ஜனாதிபதிக்குக் கூட அவர் அவ்வளவு எழுதியிருக்க மாட்டார். மனைவியிடம் கொடுத்தார். அவர் அடுப்படியில் நின்றபடியே படித்தார்.

“நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம்?”

“இதுல அந்தப் பொண்ணு எங்க வருதுன்னு தேடிட்டிருக்கேன்.”

சார் காகிதத்தை வாங்கிக்கொண்டார். ஏழாம் பக்கத்தில் ஓரிடத்தில் வந்தாள். ‘இந்நூலாசிரியர்’ என்று.

அதை அவர் அச்சகத்துக்கு அனுப்பவில்லை.

பிறகு நடந்தது அவர் காதுக்குத் தாமதமாகத்தான் வந்தது. அச்சகக்காரர் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரைப் பிடித்திருக்கிறார். நீதிபதிக்கும் முன்னுரையில் ஆசை உண்டு; ஆனால் எல்லோரும் சாரிடமே போய்க்கொண்டிருந்ததால் அவருக்கு வாய்ப்பு வந்ததில்லை. வந்த வாய்ப்பை அவர் விடவில்லை. பதினாலு பக்கம் எழுதினார். நாலு பக்கம் நின்ற இடத்தில் பதினாலு பக்கம் வந்ததும் பாரக் கணக்கு இடித்தது. காகிதம் கூடக் கூடாது என்று நாவலின் எழுத்தை ஒரு சுற்றுச் சிறியதாக்கினார்கள். நீதிபதியின் எழுத்தைத் தொடவில்லை.

புத்தகம் வந்ததும் சாரின் மனைவிதான் கடைக்குப் போய் வாங்கிவந்தார். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நீதிபதியின் முன்னுரையைப் படித்தார். அது மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததில் ஆரம்பித்து, உணவைச் சேமித்து வைக்கக் கற்றுக்கொண்ட வரலாறு வழியாக, மூன்றாம் பக்கத்தில் ஃபிரிட்ஜுக்கு வந்து சேர்ந்தது. ‘இறுதியில் அக்குளிர்பதனப் பெட்டி பழுதாகிப் பழைய இரும்புக்காரரின் வண்டியில் ஏறிப் போகையில், இரு மருமகள்களும் ஒரே வாசற்படியில் நின்று வண்டி தெரு திரும்பும் வரை பார்க்கும் காட்சி உலக இலக்கியங்களுக்கு ஒப்பானது’ என்று எழுதியிருந்தார்.

சார் புத்தகத்தை மூடினார். அறுவைக்குப் பிறகு முதல்முறையாகக் கைத்தடி இல்லாமல் எழுந்து நின்றார்.

“எங்க கெளம்பிட்டீங்க?”

“அந்த ஆள் வீட்டுக்கு. கடைசிப் பக்கத்தைக் கொண்டுவந்து மூணாம் பக்கத்துல போட்டிருக்கான்.”

“போய்?”

போய் என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கால் வலித்தது. உட்கார்ந்தார். தன்னுடைய முன்னுரைகளில் எத்தனை கடைசிப் பக்கங்கள் இப்படிப் போயிருக்கும் என்று அன்று எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

வெளியீட்டு நிகழ்ச்சி நூலகத்தின் மாடி அறையில் நடந்தது. சாருக்கு அழைப்பு இல்லை. ஆனால் போனார். மனைவி உடன் வந்தார். கடைசி வரிசையில், மின்விசிறி படாத இடத்தில் உட்கார்ந்தார்கள். நீதிபதி முன்னுரையை ஏறக்குறைய முழுவதும் திருப்பிச் சொன்னார். முன்வரிசையில் ஒருவர் தூங்கி, விழித்து, மறுபடி தூங்கினார். அவள் இரண்டே நிமிடம் பேசினாள். வந்தவர்களுக்கு நன்றி, மாமியாருக்கு நன்றி, வீட்டு ஃபிரிட்ஜ் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். அதற்குத்தான் கூட்டம் சிரித்தது.

கூட்டம் கலைந்தபிறகு அவள் பின்வரிசைக்கு வந்தாள். சாரின் மனைவியிடம்தான் முதலில் பேசினாள். பிறகு இவரைப் பார்த்தாள். முகத்தையல்ல, முழங்காலை.

“இவ்வளவு நேரம் மடக்காம நீட்டியே வெச்சிருந்தீங்களா சார்? வீங்கியிருக்கு பாருங்க.”

“நீ வராததுதான் காரணம்.”

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் காலை அதன்மேல் தூக்கி வைத்தாள்.

“பதினாலு பக்கம் சார். எங்க வீட்டுக்காரர் எண்ணிப் பாத்துட்டு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் காமிச்சார்.”

“நீ படிச்சியா?”

“முதல் பக்கந்தான் படிச்சேன். நெருப்பு கண்டுபிடிச்சது முடியறதுக்குள்ள ஒரு நோயாளி கூப்பிட்டுட்டாங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள். “நீங்க நெசமாவே முழுசாப் படிச்சீங்களா சார்?”

அப்போதுதான் சார் சொல்ல ஆரம்பித்தார். மூத்தவளுக்குக் காய்ச்சல் வந்த இரவு, இளையவள் மேல்தட்டில் இருக்கும் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நிரப்பி, எடுத்த இடத்திலேயே, அந்த ஈர வட்டத்தின் மேலேயே வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்கிற பக்கத்தைச் சொன்னார். அதைப் படித்துவிட்டுத் தான் எழுந்து போய்த் தங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்ததைச் சொன்னார். கதவு சாத்துகிற சத்தங்களை அவள் வகை பிரித்திருந்த விதத்தைச் சொன்னார். ஒரே பறவையின் ஏழு விதக் குரலைப் பதிவுசெய்கிறவர்கள்கூட இவ்வளவு கவனமாகக் கேட்டிருக்க மாட்டார்கள் என்றார். நடுவில் கொழுந்தனாரின் வேலை போகிற அத்தியாயம் இழுக்கிறது, இருபது பக்கம் இல்லாமலே கதை நடக்கும் என்றார்.

“அது எனக்கும் தெரியும் சார். வெட்ட மனசு வரல” என்றாள்.

நூலகக் காவலாளி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். இவர்கள் இருந்த பக்கத்தை மட்டும் விட்டுவைத்தார். சார் பேசிக்கொண்டே இருந்தார். சாரின் மனைவி தன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தொலைபேசி நிலையத்தில் இருந்த மாதிரி, இடையில் புகாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் அவள் கேட்டாள். “இதையே எழுதிக் குடுத்திருக்கலாமே சார்?”

“படிக்கிறதுக்கு முன்னாடி சொல்ற விஷயமா இது? அந்தத் தண்ணி பாட்டிலை நான் முதல்லயே சொல்லிட்டா, அந்தப் பக்கம் வரும்போது படிக்கிறவனுக்கு என்ன மிச்சம் இருக்கும்?”

அவள் யோசித்தாள். உடனே ஒத்துக்கொள்ளவில்லை.

“படிக்கிறவங்களுக்கு வேண்டாம்தான் சார். எனக்கு வேணும்னு இருந்துச்சு.”

சார் தலையாட்டினார். அவர் சொன்னதும் சரி, அவள் சொன்னதும் சரி. இரண்டையும் ஒரே இரண்டு பக்கத்துக்குள் அடைக்க முடியாது என்பது அவருக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது. அவள் அவர் காலை இறக்கிவிட்டு, எழுந்து நடக்கச் சொல்லி, அறையின் குறுக்கே இரண்டு தரம் நடக்கவைத்துப் பார்த்தாள். நாளையிலிருந்து தானே வருவதாகச் சொன்னாள். வந்தாள். கால் முக்கால்வாசி மடங்குகிற அளவுக்கு வந்தது; அதற்குமேல் வரவில்லை.

அதற்குப் பிறகு சார் வழக்கத்தை மாற்றிக்கொண்டார். யார் வந்தாலும் புத்தகத்தை முழுவதும் படித்தார். அதனால் ஆப்பிள் பைகள் குறைந்தன. மாதக்கணக்கில் காத்திருக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது. படித்து முடித்ததும் எழுதியவரை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, தோன்றியதையெல்லாம் சொல்லுவார். சில சமயம் மத்தியானம் ஆரம்பித்தது விளக்கு வைக்கும்வரை போகும். அதற்கப்புறம்தான் முன்னுரை வேண்டுமா என்று கேட்பார். பாதிப் பேர் சொன்னதே போதும் என்று எழுந்து போனார்கள். மீதிப் பேர் வேண்டும் என்றார்கள். அவர்களில், எங்கிருந்து எப்படி வந்த எழுத்து என்று சொல்லாவிட்டால் வாசகனுக்கு விளங்காது என்று பட்டவர்களுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தார். கப்பலில் சமையல்காரராக இருந்தவர் ஒருவரின் நினைவுக் குறிப்புகளுக்கு, அந்தக் கப்பல் எத்தகையது என்று விளக்கி எட்டுப் பக்கம் எழுதினார். சமையல்காரருக்குப் பதவியும் இல்லை, சிபாரிசும் இல்லை. எட்டுப் பக்கமும் அங்கே தேவைப்பட்டது. மற்றவர்களை நீதிபதி வீட்டுக்கு வழிசொல்லி அனுப்பினார். நீதிபதி வீட்டு வாசலில் இப்போது செருப்பு வைக்க இடமில்லை என்று தபால்காரர் சொன்னார். அவள் இரண்டாவது நாவல் எழுதிக்கொண்டிருப்பதாக அச்சகக்காரர் சொன்னார். சார் கேட்டதற்கு அவள், இன்னும் நோயாளிகள் நடுவில்தான் இருக்கிறேன், முடிந்ததும் சொல்கிறேன் என்றாள்.

ஒரு வருஷம் போயிருக்கும். சார் நூலகத்துக்குப் போனபோது அந்த நாவல் அலமாரியில் இருந்தது. எடுத்துப் பார்த்தார். ஐந்தாம் பக்கத்திலிருந்து பதினெட்டாம் பக்கம் வரை, நீதிபதியின் பக்கங்கள், அச்சகத்திலிருந்து வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே மொடமொடப்பாக இருந்தன. பத்தொன்பதாம் பக்கத்திலிருந்து ஓரங்கள் கறுத்து, மடிந்து, ஓரிடத்தில் காபி கொட்டிக் காய்ந்து போயிருந்தன. நூலகப் புத்தகங்களில் வாசகர்கள் எழுதிவைப்பது எங்கும் உள்ளதுதான். இதிலும் முன்னுரையின் தலைப்புக்கு மேலே பென்சிலில் யாரோ எழுதியிருந்தார்கள்: ‘இதைப் படிக்காதீர்கள். நேராகப் பத்தொன்பதாம் பக்கம் போகவும்.’

சார் வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொன்னார்.

“எழுதினது நீங்களா?” என்றார் அவர்.

“நான் இல்ல. நான் எதுக்கு நூலகப் புத்தகத்துல எழுதப் போறேன்.”

“சரி” என்றார் மனைவி. அதற்குமேல் அவர் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் காய்கறி வாங்கப் போனவர் அப்படியே நூலகத்துக்கும் போய், அந்தக் கையெழுத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.